ஆண்டைகள் பதில் சொல்லும் விதம்

வேலையை விட்டு வெளியே வந்தவர்கள் நிறுவனத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் அதன் தலைவர் என்ன பதில் சொல்வார் என்பதை, அவர் வாயைத் திறக்கும் முன்பே நம்மால் எழுதிக் கொடுத்துவிட முடியும். நாங்கள் எல்லோரும் ஒரே குடும்பம். வெளியாட்கள் சிலர் தூண்டிவிடுகிறார்கள். போனவர்களுக்கு வேலை தெரியவில்லை, அந்தக் கசப்பில் பேசுகிறார்கள். சொற்கள் முன்னே பின்னே இருக்கும், சரக்கு இதுதான். இது ஏதோ அமெரிக்க மேலாண்மைப் பள்ளிகளில் தயாராகிப் பழைய மகாபலிபுரம் சாலைக்கு வந்து இறங்கிய சரக்கு என்று நம் தோழர்கள் பலர் நினைக்கிறார்கள். காவிரிப் படுகையில் பிறந்த எனக்கு அப்படித் தோன்றவில்லை.

2022இல் கூகுளில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். ஏப்ரலில், தலித் வரலாற்று மாதத்தையொட்டி, கூகுள் நியூஸ் பிரிவு ஊழியர்களிடம் சாதி பற்றிப் பேச ஈக்வாலிட்டி லேப்ஸ் அமைப்பின் தேன்மொழி சௌந்தரராஜன் அழைக்கப்பட்டிருந்தார். நிறுவனத்துக்கு உள்ளேயே சிலர் அவரை இந்து விரோதி என்று மின்னஞ்சல் தட்டினார்கள். உரை நிறுத்தப்பட்டது. நடத்தியே ஆகவேண்டும் என்று 400க்கும் மேற்பட்ட ஊழியர்கள் கையெழுத்திட்டார்கள். மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சைக்குத் தேன்மொழி நேரடியாகவே வேண்டுகோள் வைத்தார். உரை நடக்கவில்லை. அவரை அழைத்த மூத்த மேலாளர் தனுஜா குப்தா மீது உள்விசாரணை பாய்ந்தது. ஜூன் மாதம் அவர் வேலையை விட்டார், நடந்தது வெளியே வந்தது. அதற்குக் கூகுளின் செய்தித்தொடர்பாளர் சொன்ன பதிலின் சாரம் இது: எங்கள் நிறுவனத்தில் சாதிப் பாகுபாட்டுக்கு இடமில்லை, அந்த உரை ஊழியர்களை ஒன்றுசேர்ப்பதற்குப் பதிலாகப் பிளவை உண்டாக்கியதால் கைவிட்டோம்.

சாதி இருப்பது பிளவு இல்லையாம். சாதி இருக்கிறது என்று ஒரு பெண் வந்து ஒரு மணி நேரம் பேசுவதுதான் பிளவாம்.

இந்தச் சொல்லை நான் முன்பே அறிவேன். என் பாட்டி திருவாரூர்ப் பக்கம் நடவுக்குப் போனவர். 'ஊர் ஒத்துமையா இருந்துச்சு, சங்கம் வந்துதான் கெட்டுச்சு' என்று பெரிய வீட்டுக்காரர்கள் சொல்வார்களாம். அதைச் சொல்லிக்காட்டிச் சிரிப்பார் பாட்டி. கிழவியின் சிரிப்பில் ஒற்றுமை பற்றிய முழு விமர்சனமும் இருந்தது. அந்த ஒற்றுமை எப்படிப்பட்டது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். குடும்பம் என்ற சொல்லைத் தலைவர்கள் எங்கிருந்து எடுக்கிறார்கள் என்பது அதில்தான் தெரியும்.

பழைய தஞ்சை மாவட்டத்தில் பறையர், பள்ளர் சாதி உழைப்பாளிகள் பெரும்பகுதி பண்ணையாட்களாக இருந்தார்கள். நிலம் மிராசுதாருடையது, கோயிலுடையது, மடத்துடையது. அவர்கள் படுத்த குடிசை நின்ற மனையும் மிராசுதாருடையதே. மனைவி நடவுக்கு, பையன் மாடு மேய்க்க, பெண் சாணி அள்ள என்று ஒரு ஆளை வைத்தால் குடும்பமே சேர்ந்து வரும். கூலி நெல்லாக அளக்கப்படும். எந்த மரக்காலால் அளக்கப்படும் என்பது காரியஸ்தரின் மனசாட்சியைப் பொறுத்தது. முத்திரை மரக்காலில் அள என்பதே ஒரு போராட்டக் கோரிக்கையாக இருந்தது என்றால் மற்றதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். பொங்கலுக்கு ஒரு வேட்டி, சேலை. சாவுக்கும் கல்யாணத்துக்கும் கொஞ்சம் நெல், அதுவும் பல நேரம் கடனாக. இதைத்தான் மிராசுதார்கள் பாசம் என்றார்கள். 'என் வீட்டுப் பிள்ளை மாதிரி' என்றார்கள். அந்தப் பிள்ளை திண்ணையில் உட்கார முடியாது. அந்தப் பிள்ளை அவரை 'ஆண்டே' என்றுதான் அழைக்கவேண்டும்.

1943இல் மன்னார்குடிப் பக்கம் தென்பரையில் விவசாயிகள் சங்கத்தின் செங்கொடி ஏறியது. அடுத்த ஆண்டே மன்னார்குடியில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. சாட்டையால் அடிக்கக்கூடாது, சாணிப்பால் புகட்டக்கூடாது என்பது அதில் முக்கியமான பகுதி. இளைய வாசகர்கள் இதை வேகமாகப் படித்துக் கடந்துவிடாதீர்கள். மாட்டுச் சாணியைத் தண்ணீரில் கரைத்து மனிதனின் வாயில் ஊற்றக்கூடாது என்று எழுதி, இரு தரப்பும் கையெழுத்துப் போடவேண்டிய நிலைமை 1944இல் இருந்தது. குடும்பத்துக்குள் இப்படியெல்லாம் ஒப்பந்தம் போடுவார்களா என்று எந்த மிராசுதாரும் வெட்கப்படவில்லை. வெளியாள் வந்து கெடுத்துவிட்டான் என்றுதான் வருத்தப்பட்டார்கள்.

வெளியாள் வந்தது உண்மைதான். பி. சீனிவாசராவ் கர்நாடகத்துக்காரர், பிறப்பால் பார்ப்பனர். தமிழையே இங்கு வந்துதான் பழகினார். சேரியில் தங்கி, சேரியில் சாப்பிட்டு, 1961இல் சாகும்வரை கீழத்தஞ்சையை விட்டுப் போகவில்லை. நம் தரப்பில் சிலர் இந்த இடத்தில் பதறிப்போய், இல்லை இல்லை, போராட்டம் முழுக்க உள்ளூரிலிருந்தே வந்தது என்று நிரூபிக்கப் பார்ப்பார்கள். தேவையில்லை. களப்பால் குப்பு போன்ற உள்ளூர்த் தலைவர்கள் இருந்தார்கள், வெளியூரிலிருந்தும் வந்தார்கள். உள்ளே இருப்பவனின் வயிறு ஆண்டையின் கையில் இருக்கும்போது, வயிறு மாட்டிக்கொள்ளாத ஒருவன் பக்கத்தில் நிற்பது உதவிதான். அதில் மறைக்க என்ன இருக்கிறது? அறுவடைக் கூலி கூடக் கேட்டால் ஆண்டைகளும் வெளியாட்களைத்தான் கொண்டுவந்தார்கள். உள்ளூர்க்காரன் நட்டு வளர்த்ததை அறுக்க வெளியூர் ஆட்களை இறக்கினார்கள். கூலியைக் குறைக்க வரும் வெளியாள் வியாபாரம், கூலியைக் கேட்க வரும் வெளியாள் சதி. இந்தக் கணக்கு இன்றும் மாறவில்லை. தொழிற்சங்கம் நுழைந்தால் அந்நியத் தலையீடு என்பவர்கள், ஆட்குறைப்புக்கு யாரை நீக்கலாம் என்று பட்டியல் போட ஆலோசனை நிறுவனங்களைக் காசு கொடுத்துக் கூட்டிவருகிறார்கள்.

1952இல் ராஜாஜி அரசு தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஒரே ஊரில் ஒரு வேலிக்கு, அதாவது 6⅔ ஏக்கருக்கு, மேல் வைத்திருந்தவர்களை அது கட்டுப்படுத்தியது. பண்ணையாளுக்கு இவ்வளவு கூலி, காரணமில்லாமல் நீக்கக்கூடாது என்றது. மிராசுதார்கள் என்ன செய்தார்கள்? பல ஊர்களில் பண்ணையாட்களை நிறுத்தினார்கள். அதே ஆளை மறுநாள் தினக்கூலியாகக் கூப்பிட்டுக்கொண்டார்கள். அதே வயல், அதே வரப்பு, அதே மண்வெட்டி. ஆனால் நீ என் பண்ணையாள் இல்லை, சட்டம் உனக்குப் பொருந்தாது. நேற்றுவரை வீட்டுப் பிள்ளையாக இருந்தவன் உரிமை என்று ஒரு தாள் வந்ததும் ஒரே இரவில் அந்நியனானான்.

முன்னாள் ஊழியர் என்ற வகையே இப்படித்தான் டெல்டாவில் பெரும் எண்ணிக்கையில் உருவானது என்பேன். இன்று ஒப்பந்தத் தொழிலாளி விபத்தில் கையை இழந்தால் 'அவர் எங்கள் பணியாளர் பட்டியலில் இல்லை' என்று அறிக்கை வருகிறதே, அந்த வாக்கியத்தை முதலில் எழுதிப் பழகியவர்கள் வழக்கறிஞர்கள் இல்லை. எங்கள் ஊர்க் காரியஸ்தர்கள். அரசும் இதில் சளைத்ததில்லை. நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் பருவகாலப் பணியாளர் என்ற பெயரில் ஆண்டுக்கணக்காக உழைப்பவர்களைக் கேட்டால், பருவம் எப்போது முடிகிறது என்று அவர்களுக்கே சரியாகச் சொல்லத் தெரியாது.

1960களின் நடுவில் டெல்டாவின் கணக்கு மாறியது. தீவிர வேளாண்மைத் திட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் மாவட்டங்களில் தஞ்சையும் ஒன்று. ரசாயன உரம் வந்தது, ஆடுதுறை 27 வந்தது, கண்டுமுதல் ஏறியது. ஏறியதில் எங்களுக்கும் கொஞ்சம் அள என்று தொழிலாளர்கள் கேட்டார்கள். கேட்டது என்ன? களத்தில் அளக்கிற கூலியில் அரைப்படி நெல் கூடுதல். ஆண்டைகள் தங்களுக்கென்று ஒரு சங்கம் வைத்துக்கொண்டார்கள். அதன் பெயர் நெல் உற்பத்தியாளர் சங்கம்.

இந்தப் பெயரை நான் எத்தனை முறை படித்தாலும் நின்றுவிடுவேன். உற்பத்தியாளர்! நாற்றங்காலில் குனியாதவர், சேற்றில் இறங்காதவர், களத்தில் கதிர் அடிக்காதவர் உற்பத்தியாளர். குனிந்து நட்டவள் கூலி. இன்று ஒரு நிறுவனத் தலைவரை 'பத்தாயிரம் பேருக்கு வேலை கொடுத்தவர்' என்று மேடையில் அறிமுகப்படுத்தும்போது நாம் கைதட்டுகிறோம். பத்தாயிரம் பேர் தங்கள் உழைப்பை அவருக்குக் கொடுத்தார்கள் என்று யாரும் சொல்வதில்லை. கொடுத்தவர் அவர் என்று ஒப்புக்கொண்டுவிட்டால் பிறகு விமர்சிப்பவன் நன்றி கெட்டவனாகத்தானே தெரிவான். பதில் தொடங்கும் முன்பே வழக்கு முடிந்துவிடுகிறது.

அந்தச் சங்கத்தின் தலைவர் இரிஞ்சூர் கோபாலகிருஷ்ண நாயுடு. செங்கொடியை இறக்கு, எங்கள் சங்கத்தில் சேர் என்பது ஆண்டைகளின் கட்டளை. கீழ்வெண்மணி மறுத்தது. 1968 டிசம்பர் 25 இரவு, உயிர் தப்ப ராமையாவின் குடிசைக்குள் ஒடுங்கியிருந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அன்று நடந்த மோதலில் ஆண்டைகள் தரப்பில் பக்கிரிசாமிப் பிள்ளை என்பவரும் கொல்லப்பட்டிருந்தார். அந்தக் கொலைக்குத் தொழிலாளர்கள் தண்டிக்கப்பட்டார்கள். 44 பேர் வழக்கு என்ன ஆனது?

நாகப்பட்டினம் நீதிமன்றம் 1970இல் நாயுடு உட்பட 8 பேரைத் தண்டித்தது. 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. அந்தத் தீர்ப்பில் நீதிபதிகள் ஆச்சரியப்பட்ட இடம் ஒன்று உண்டு. குற்றம் சாட்டப்பட்ட 23 பேரும் மிராசுதார்கள், பெரும்பாலோர் பணக்காரர்கள், நிறைய நிலம் உள்ளவர்கள், நாயுடுவிடம் கார் இருக்கிறது. இப்படிப்பட்டவர்கள் ஆட்களை அனுப்பாமல் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்புவது கடினம் என்பது அதன் பொருள். எரியும்போது பார்த்தவர்களின் வாய்மொழியைவிட ஒரு காரின் சாட்சியம் கனமாக இருந்தது. 1990இல் உச்சநீதிமன்றமும் மேல்முறையீட்டைத் தள்ளியது.

தலைவரின் மறுப்பு ஏன் எப்போதும் வெல்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆவணத்தை நான் பார்த்ததில்லை. அவர் நல்ல பதிலாகச் சொல்லவேண்டிய அவசியமே இல்லை. அவர் யார் என்பதே பதில். கார் இருந்த இடத்தில் இன்று வேறு பொருட்கள் இருக்கின்றன. ஐஐடி பட்டம், பத்ம விருது, கிராமத்தில் எளிமையாக வாழ்வது, வேட்டி கட்டி மிதிவண்டி ஓட்டுவது. இப்படிப்பட்டவரா அப்படிச் செய்வார் என்று நம் நண்பர்களே கேட்கிறார்கள். அவர் என்ன செய்தார் என்று கேட்டவனின் கையில் இருந்த காகிதத்தை யாரும் வாங்கிப் படிப்பதில்லை.

இலக்கியமும் கைகொடுத்தது என்பதை இங்கே சொல்லியாகவேண்டும். வெண்மணியை வைத்து இந்திரா பார்த்தசாரதி எழுதிய 'குருதிப்புனல்' சாகித்ய அகாதமி விருது பெற்றது. அதில் நிலக்கிழாரின் வன்மத்துக்கு அவரது ஆண்மைக் குறை காரணமாகிறது. அரைப்படி நெல்லும் சாதியும் பின்னுக்குப் போய், ஒரு தனிமனிதனின் உடல் கோளாறு முன்னுக்கு வந்தது. தலைவர் மோசமானவர் இல்லை, மன உளைச்சலில் இருந்தார் என்கிற இன்றைய விளக்கங்களுக்கு அது நல்ல முன்னோடி.

ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். குளிரூட்டப்பட்ட அறையில் வேலையிழந்த மென்பொருள் ஊழியரும் வெண்மணிக் கூலியும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. சொன்னால் அது செத்தவர்களுக்குச் செய்யும் அவமரியாதை. வேலையிழந்த அந்த ஊழியர் பல நேரங்களில் ஆண்டை வீட்டுப் பேரனாகவே இருக்கிறார், தனக்கு நோட்டீஸ் வரும்வரை தலைவரின் பதிவுகளுக்கு விருப்பக்குறி போட்டவராகவும் இருக்கிறார். நான் பேசுவது பதிலின் இலக்கணத்தைப் பற்றி. அந்த இலக்கணம் சாதியில் பழகியது. அது எல்லோர் மீதும் பாயும், நம் மீது பாயும்போது மட்டும் பற்கள் ஆழமாக இறங்கும்.

சென்னையில் நான் சில ஆண்டுகள் வேலைபார்த்த ஒரு நிறுவனம், பெயர் வேண்டாம். ஒரு பிரிவை மூடி எங்களை அனுப்பினார்கள். போகும் முன் மதிப்பீட்டில் யார் யாருக்கு என்ன மதிப்பெண், அதில் 'நம்மாட்களை' மட்டும் எப்படி வேறு பிரிவுக்கு இழுத்துக்கொண்டார்கள் என்று நாங்கள் சிலர் சேர்ந்து எழுதினோம். தலைவர் உள்ளே இருந்தவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். குடும்பம் இருந்தது அதில், வெளித்தூண்டுதல் இருந்தது, தகுதி இருந்தது. எங்கள் கேள்வி மட்டும் இல்லை. அன்று மாலை எச்.ஆரிலிருந்து எனக்கு ஃபோன். குரல் மிகவும் கனிவானது. ரிலீவிங் லெட்டர் இன்னும் தயாராகிக்கொண்டிருக்கிறது என்றார், அடுத்த கம்பெனியிலிருந்து பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன் வந்தால் நாங்கள்தான் பதில் சொல்லவேண்டும் என்று நினைவூட்டினார். நான் ஊரை நினைத்துக்கொண்டேன். சங்கத்தில் சேர்ந்தவனிடம் காரியஸ்தர் வந்து, 'மனை யாருதுன்னு ஞாபகம் இருக்கட்டும்' என்று சொல்லிவிட்டுப் போவார். 1971இல் குடியிருப்பு மனைகளை அதில் குடியிருந்தவர்களுக்கே சொந்தமாக்கும் சட்டம் வந்த பிறகுதான் அந்த ஆயுதம் கொஞ்சம் மழுங்கியது. ரிலீவிங் லெட்டருக்கு அப்படி ஒரு சட்டம் இன்னும் வரவில்லை.

தகுதி பற்றியும் ஒரு வார்த்தை. பண்ணையில் சோம்பேறி என்றார்கள், கம்பெனியில் தகுதி போதாது என்கிறார்கள். வேலை நாளில் யாரும் இதைச் சொல்வதில்லை. சம்பா அறுவடை முடியும்வரை அவன் நல்ல உழைப்பாளிதான், பிராஜெக்ட் டெலிவரி ஆகும்வரை இவள் சிறந்த குழு உறுப்பினர்தான். கேள்வி கேட்ட தேதியிலிருந்து தகுதி குறையத் தொடங்குகிறது. இட ஒதுக்கீட்டில் படித்து வந்தவர் என்று தெரிந்துவிட்டால் பின்தேதியிட்டும் குறையும்.

அப்படியென்றால் ஒரு தலைவர் எப்படித்தான் பதில் சொல்வது, வாயை மூடிக்கொண்டு இருக்கவேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம், பேசட்டும். எண்களைப் பேசட்டும். உங்கள் மேலாளர்களில் எத்தனை பேர் பட்டியல் சாதியினர், பழங்குடியினர்? கடந்த ஐந்தாண்டில் சாதி தொடர்பாக வந்த புகார் எத்தனை, விசாரித்தது யார், முடிவு என்ன? நீக்கப்பட்டவர்களின் மதிப்பீட்டுத் தாளை அவர்களிடமே கொடுப்பீர்களா? வெண்மணிக்குப் பிறகு அரசு கணபதியா பிள்ளை ஆணையத்தை அமைத்தது, 1969இல் வேளாண் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. முதலில் அளந்து பார்த்திருக்கவேண்டிய அரைப்படியை 44 பிணங்களுக்குப் பிறகு அளந்தார்கள். அளக்க முடியாத விஷயம் இல்லை அது என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013இல் வந்தது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்புகார்க் குழு இருக்கவேண்டும், அதில் நிறுவனத்தைச் சாராத ஒருவர் உறுப்பினராக இருக்கவேண்டும் என்கிறது அது. வெளியாள் இல்லாமல் நியாயம் நடக்காது என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்ட இடம் இது. பெண்கள் போராடிப் பெற்றது. சாதிக்கு இப்படி ஒரு குழு தனியார் நிறுவனங்களில் கட்டாயமில்லை. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது, ஆனால் அது காவல் நிலையத்தில் தொடங்கும் குற்றவியல் சட்டம். மதிப்பீட்டில் குறைக்கப்படும் அரை மதிப்பெண்ணுக்கு எந்த ஸ்டேஷனில் எழுதிக் கொடுப்பது? அமெரிக்காவின் சியாட்டில் நகர மன்றம் 2023இல் சாதிப் பாகுபாட்டைப் பெயர் சொல்லியே தடைசெய்தது. பெரியார் பெயரில் ஆட்சி நடப்பதாகச் சொல்லும் தமிழ்நாட்டில், தகவல் தொழில்நுட்பப் பூங்காக்களுக்கு நிலமும் சலுகையும் தரும்போது இதை ஒரு நிபந்தனையாக வைக்க யாருக்கு என்ன தயக்கம்?

தனியார் பணியிடங்களில் சாதிப் புகார்க் குழு வேண்டும், அதில் வெளி உறுப்பினர் வேண்டும், புகார் கொடுத்தவரின் பணி விடுவிப்புக் கடிதத்தைப் பிடித்துவைப்பது தண்டனைக்குரிய குற்றமாகவேண்டும். சட்டம் வரும்வரை காத்திருக்காமல் உங்கள் நிறுவனத்தின் அடுத்த டவுன்ஹாலில் ஒருவர் எழுந்து, சாதி பற்றிய புகாரை இங்கே யாரிடம் கொடுப்பது என்று கேட்கலாம். இருவராக எழுந்தால் இன்னும் நல்லது. பதிலை மேடையில் வாயால் சொல்லவிடாதீர்கள், மின்னஞ்சலில் கேளுங்கள். வேலையில் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். வெளியே வந்த பிறகு கேட்டால், கசப்பு என்பார்கள்.